ஊர் சிரிக்காத ராசா

ஒரு காலத்துல ஏழுமடைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கு மேற்கால கடல் மாதிரி ஒரு ஏரி, ஏரிக்கரைக்குக் கீழே கீழத்தெரு, எதிர்க்க மேட்டுல அரண்மனை. ஆண்ட ராசா பேரு கோமுடி. மீசை பெருசு, மனசும் பெருசுதான், ஆனா ரோசம் ரெண்டையும்விடப் பெருசு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ராசா வீட்டுப் பொண்ணு ஒருத்தியைக் குடியானவன் வீட்டுல கட்டிக் கொடுத்துடுவாங்க. எதுக்கு? அப்பத்தானே ராசாவைக் கேலி பண்ண முறை உள்ளவன் ஒருத்தன் ஊருக்குள்ள இருப்பான். கண்டவனும் கேலி பண்ணலாமா? மாமன் மச்சான்தானே பண்ணணும்? அப்படி கோமுடி ராசாவுக்கு ஒரு அத்தை மகன், பேரு சடையன். கீழத்தெருவுல உழுது பிழைக்கிறவன்.

வருசா வருசம் மடை திறக்கிற அன்னிக்கு ராசா கரைமேல வந்து நிப்பார், ஊரு சுத்தி நிக்கும், சடையன் எதிர்ல வந்து நிப்பான்.

"மச்சான், உன் யானைக் கொட்டடியில சொட்டுத் தண்ணி ஒழுகலையாமே! எங்க தெருக் கிழவி சொல்றா, அடுத்த பிறவியில உனக்கு யானையா வந்து பிறக்கிறாளாம்!"

ஊரு சிரிச்சது, ராசாவும் சிரிச்சார், மறுநாளே கீழத்தெருவுக்குக் கூரை வேய ஓலை வந்து இறங்குச்சு.

அடுத்த வருசம், "மச்சான், உன் காவக்காரன் ரொம்ப நல்லவன்! வாழைத்தாரைத் திருடன் கொண்டுபோயிடுவானேன்னு அவனே முந்தி வெட்டிக்கிட்டுப் போயிடுறான்!"

ஊரு சிரிச்சது, ராசாவும் சிரிச்சார், காவக்காரனுக்கு வேலை போச்சு.

சடையன் சொன்னதை ராசா எதை வெச்சு நம்பினார்னு கேக்குறியா? ஊரு சிரிச்சதே, அதான் சாட்சி. இல்லாத ஒண்ணைச் சொல்லி ஒருத்தனைச் சிரிக்க வைக்கலாம், ஊரையே சிரிக்க வைக்க முடியாது.

மூணாவது வருசம் ராசாவோட மாமனார் விருந்துக்கு வந்திருந்தார், அவரும் ஒரு பெரிய தேசத்து ராசா. அன்னிக்குச் சடையன், "மச்சான், உன் மீசையை ராணிதான் தினம் முறுக்கி விடுறாங்களாமே, நீயே முறுக்கினா கை நடுங்குதாமே!"ன்னான். அதுல சேதி ஒண்ணும் இல்லை, சும்மா சொன்னது. அதுக்குத்தான் ஊரு ரொம்பச் சிரிச்சது.

மாமனார் மட்டும் சிரிக்கலை. "மாப்பிள்ளை, எங்க தேசத்துல ராசாவைப் பார்த்துச் சிரிச்சவன் பல்லு அவன் வாயில இருக்காது"ன்னுட்டு தேர் ஏறிப் போயிட்டார்.

ராசாவுக்குச் சோறு இறங்கலை. மறுநாள் முரசு அடிச்சாங்க. ராசாவைப் பார்த்து எவன் சிரிச்சாலும் சவுக்கடி.

சிரிக்கிறவன் யாரை நினைச்சுச் சிரிக்கிறான்னு சேவகனுக்கு எப்படித் தெரியும்? அதனால சிரிச்சவங்களை எல்லாம் அடிச்சாங்க. ஆட்டுத் தலையில பானை மாட்டிக்கிச்சுன்னு சிரிச்ச குயவனை அடிச்சாங்க. நலங்குல சிரிச்ச கல்யாணப் பொண்ணை அடிச்சாங்க. எத்துப்பல்லால வாயை மூட முடியாத ஒரு கிழவனையும் அடிச்சாங்க. அப்புறம் ஊரு வாயை மூடிக்கிச்சு. முன்னெல்லாம் வரப்புச் சண்டை வந்தா மூணாவது ஆள் ஒருத்தன் எதையாவது சொல்லுவான், சண்டைக்காரங்களே சிரிச்சுட்டு வீட்டுக்குப் போவாங்க. இப்ப சண்டை வீட்டுக்குள்ளயே வந்து படுத்துக்கிச்சு.

அந்த வருசம் ஏரி தளும்புது. சடையன் கரையோரம் போனவன் பார்க்கிறான், கரை முழுக்க நண்டு வளை, வெளிப்பக்கம் தண்ணி கசியுது. நேர் கீழே அவன் மக சிலம்பாயியைக் கட்டிக் கொடுத்த வீடு. ராசா உத்தரவு இல்லாம கரையில மண்வெட்டி வைக்கக் கூடாது. அரண்மனைக்கு ஓடினான்.

"மச்சான், கரை உள்ளுக்குள்ள பொத்தலாப் போச்சு. ஆளை விட்டு அடைக்கச் சொல்லு."

"சடையா, நீ நேராப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆளை அனுப்பி, அங்க ஒண்ணும் இல்லைன்னா ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"அதுக்குத்தான் சவுக்கு வெச்சிருக்கியே மச்சான்."

ராசா முகம் கறுத்துப் போச்சு. "நாளைக்கு மடை திறக்கிறோம். ஊரு முன்னால சொல்லு. ஊரு என்ன பண்ணுதுன்னு பார்த்துக்கிறேன்."

மறுநாள் ராசா வந்து நின்னார், ஊரு நின்னது, சவுக்கோட சேவகனும் நின்னான். சடையன் குரலை எடுத்து விட்டான்.

"மச்சான், உன்னுதைவிடப் பெரிய அரண்மனையை உன் கரைக்குள்ள நண்டு கட்டியிருக்கு! புதுமனை புகுவிழாவுக்கு ஏரியையே அழைச்சிருக்கு! ஏரி போற வழியில என் மக வீடு!"

ஊருக்குத் தெரியும். கசிவைப் பார்க்காதவன் யாரு? ஆனா ஒருத்தரும் சிரிக்கலை. பெத்தவங்க புள்ளைங்க வாயைப் பொத்தினாங்க. சடையன் மகளைப் பார்த்தான், நீயாவது சிரி தாயின்னு கண்ணாலயே கெஞ்சினான். சிலம்பாயி சவுக்கைப் பார்த்தா, இடுப்புல இருந்த புள்ளையைப் பார்த்தா, தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"பார்த்தியா, ஒருத்தர்கூடச் சிரிக்கலை, அப்ப பொய்தான்"னு சொல்லி ராசா சடையனை எல்லைக்கு அந்தாண்ட கொண்டுபோய் விடச் சொல்லிட்டார்.

கரை தாங்கலை. பால் கறக்கிற நேரம் உடைஞ்சது. கீழத்தெரு இருந்த இடத்துல சேறுதான் இருந்துச்சு. சிலம்பாயி போனா, இடுப்புப் புள்ளையும் போச்சு. சடையன் எல்லை தாண்டி ஓடி வந்தான், தடுக்க எவனும் இல்லை. மகளைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், அழக்கூட இல்லை.

கண்ணைத் துடைச்சுக்க. இன்னும் கொஞ்சம் இருக்கு.

ராசா முரசைக் கிழிச்சார், சவுக்கை எரிச்சார், கரையைக் கல்லு வெச்சுக் கட்டினார். மறுவருசம் மடை திறக்கிற அன்னிக்கு வந்து நின்னார், மிச்சம் இருந்த ஊரும் வந்து நின்னது.

"மச்சான், ஏதாவது சொல்லு. என் மானம் போற மாதிரி சொல்லு."

சடையன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். "நான் என்னங்க சொல்லப்போறேன் மகாராசா. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லைங்களே."

ராசா ஓர் அடி முன்னால வெச்சார், ஈரக் களிமண் வழுக்கிவிட்டது, மல்லாக்க விழுந்தார். கிரீடம் ஒரு பக்கம் உருண்டுச்சு, மீசை பூரா சேறு. சேத்துலயே கிடந்து ஊரைப் பார்த்தார். இப்பவாவது சிரிப்பாங்கன்னு பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கலை. நாலு பேர் வந்து மரியாதையாத் தூக்கினாங்க, ஒருத்தி தண்ணி ஊத்திக் கழுவிவிட்டா. சடையன் கிரீடத்தை எடுத்துத் தலையில வெச்சு, "பார்த்து வாங்க மகாராசா"ன்னான். எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ராசா ரொம்ப வருசம் உசுரோட இருந்தாராம், ஒரு நாள்கூட யாரும் அவரைக் கேலி பண்ணலையாம்.

ஊரு தன்னோட ஆளைப் பார்த்துத்தான்டா சிரிக்கும். அசலூரான் விழுந்தா மரியாதையாத் தூக்கிவிட்டுடும்.

கதை மடை தாண்டிப் போச்சு. நீங்க பாயில சாயுங்க.