ராஜா கடித்த பாதி முறுக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னே அல்லிக்கேணி என்கிற நாட்டை வீரகெஜபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. பிள்ளைகுட்டி கிடையாது. கப்பல்காரன் ஒருவன் கண்ணாடித் தொட்டி ஒன்றையும் ஏழெட்டுச் செம்மீன்களையும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அதுகள்தான் அவருக்குப் பிள்ளைகள். தாம் தின்கிற பண்டத்தில் பாதியைக் கடித்துக்கொண்டு மீதியைத் தொட்டியில் போடுவார். ராஜா போட்டால் மந்திரி சும்மா இருப்பாரா? அவரும் போடுவார். சேனாதிபதியில் ஆரம்பித்து வெற்றிலைப் பெட்டி தூக்குகிறவன் வரைக்கும் ஆளுக்கொரு பிடி.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவன் மாடன். ஏரிக்கரையில் பிறந்தவன், மீன் வாய் திறப்பதை வைத்தே அதன் உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவான்.

ராஜாவுக்கோ தினம் ஓர் ஆசை. தானே அழுக்கெடுக்கிற தொட்டி வேண்டும், மீன் மனசைப் பேசிக் காட்டுகிற குழல் வேண்டும், மீனுக்குப் பசித்தால் சொல்கிற கருவி வேண்டும் என்பார். அரண்மனை அதிகாரி திம்மப்பன் காதில் இது விழுந்தது. எந்நேரமும் ராஜா மாடனோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்த ஆள் அவர். ஒரு வெள்ளி மணியைக் கட்டி, அதன் கயிற்றைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பசித்தால் மீன் மணியடிக்கும் என்றார். மீனாவது சும்மா இருப்பதாவது! முட்டினால் மணி, திரும்பினால் மணி. மணி அடிக்கிறபோதெல்லாம் சபை எழுந்துபோய்ப் பொரி போட்டது.

மாடன் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள், பண்டம் போட நீண்ட ராஜாவின் கையைப் பார்த்தே, "போதும் மகாராஜா" என்று சொல்லிவிட்டான். மறுநாள் ராஜாவுக்கு உயிரான பெரிய செம்மீன் செத்து மிதந்தது. மாடன் மீனைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டான் என்று திம்மப்பன் பற்ற வைத்தார். அழுத கண்ணோடு இருந்த ராஜா யோசிக்கவே இல்லை, மாடனைச் சிறையில் தள்ளிவிட்டார்.

மாடனின் பெண்டாட்டி சடைச்சி. புருஷன் சிறையில் கிடக்கிறபோது அவளுக்கு என்ன தூக்கம் வரும், என்ன சோறு இறங்கும்? நேரே சபைக்கு வந்தாள். மீன்களுக்குக் கேடு வராமல் காக்கும் பெட்டி ஒன்று தன்னிடம் இருக்கிறதென்றும், நாற்பது நாள் ஒரு மீனும் சாகாவிட்டால் தன் வீட்டுக்காரரை விட்டுவிட வேண்டுமென்றும் கேட்டாள். செத்தால்? இரண்டு பேரும் நாட்டைவிட்டே போய்விட வேண்டும் என்று திம்மப்பன் முந்திக்கொண்டு சொன்னார். சடைச்சி அதற்கும் சரியென்றாள்.

வெள்ளி மணியைக் கழற்றினார்கள். தொட்டிக்கு மேலே ஆள் இடுப்பளவு பித்தளைப் பெட்டி வந்தது. மேலே ஒரு துவாரம், பக்கத்தில் ஒரு பூட்டு. போடுகிறதையெல்லாம் துவாரத்தில் போடுங்கள், மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றாள். ராஜாவுக்கு ஒரே குஷி. முறுக்கைப் பாதி கடிப்பார், மீதியைப் பெட்டியில் போடுவார், காதை வைத்துக் கேட்பார். சடைச்சி தினமும் விடிந்ததும் வந்து கண்ணாடியைத் துடைத்து, தண்ணீரில் கால்வாசியை மாற்றிவிட்டுப் போவாள். பதினைந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. முப்பதாம் நாள் மீன்கள் பளபளவென்று துள்ளின.

திம்மப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முப்பத்தொன்பதாம் நாள், சபை கூடியிருக்கும்போது, கையில் உளியோடு வந்தார்.

"மகாராஜா, இவ்வளவு நாளாக நான் கவனிக்கிறேன். இந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொரிகூடத் தண்ணீரில் விழவில்லை. இது மோசடி" என்று சொல்லிப் பூட்டைத் தட்டினார்.

கதவு திறந்ததும் பொலபொலவென்று கொட்டியது பாருங்கள்! பொரி, அவல், பூசணம் பூத்த அதிரசம், எறும்பு மொய்த்த லட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ராஜா கடித்த பாதி முறுக்குகள், ஒரு குவியல். பெட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை.

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் என் மீன்கள் எதைத் தின்று பிழைத்தன?"

"காலையில் கண்ணாடி துடைக்கும்போது நான் போட்ட ஒரு சிட்டிகை தவிட்டைத் தின்று, மகாராஜா" என்றாள் சடைச்சி. குவியலைக் கையால் காட்டினாள். "இந்தக் குவியல் அத்தனையும் அந்தத் தண்ணீரில் கிடந்து அழுகியிருந்தால் என்ன ஆகும்? பெரிய செம்மீன் பசியில் சாகவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னது 'போதும்' என்கிற ஒரே ஒரு சொல்தான்."

ராஜா குனிந்து ஒரு முறுக்கை எடுத்தார். அது தம் பல் பட்ட முறுக்கு என்று அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"நான்தான் கொன்றேனா?" என்றார்.

"ஆசையாகத்தானே போட்டீர்கள், மகாராஜா" என்றாள் சடைச்சி.

அன்றைக்கே மாடன் வெளியே வந்தான். திம்மப்பனுக்கு ராஜா விருந்து வைத்தார். வெள்ளி மணியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, மணி அடிக்கிறபோதெல்லாம் அவர் இலையில் ஒரு கரண்டி சோறு விழ வேண்டும், அவர் அதைத் தின்ன வேண்டும் என்று உத்தரவிட்டார். பதினோராவது மணிக்குத் திம்மப்பன் இலைமேலேயே கவிழ்ந்து, தண்ணீர்த் தொட்டியிலிருக்கிற ஜீவன்களிடம் தாம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். சபை சிரித்த சிரிப்பில் அவர் தலைப்பாகை நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

என்ன வேண்டுமென்று ராஜா கேட்டபோது, சடைச்சி நகையும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை. தன் வீட்டுக்காரருக்குப் பழைய வேலையும், ராஜாவைப் பார்த்து "போதும்" என்று சொல்கிற உரிமையும் வேண்டுமென்றாள். ராஜா கொடுத்தார்.

மறுநாள் காலை ராஜா வழக்கம்போல முறுக்கைக் கடித்துக்கொண்டே தொட்டிக்கு வந்தார். அன்றைய தவிட்டை மாடன் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தான். மீன்களெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. ராஜாவின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி, பக்கத்தில் நின்ற மாடனைப் பார்த்தார்.

சிறைக்குப் போய் வந்த மனுஷன் ஒருமுறை தண்ணீரைப் பார்த்துக்கொண்டான். "போதும், மகாராஜா" என்றான்.

ராஜா மீதி முறுக்கைத் தாமே தின்றார்.