தும்பை முயலின் மஞ்சள் கறை

பாறைக்குகைக் கரடியம்மாள் ஒரு முயல் வளர்த்தாள். பெயர் தும்பை. காதிலிருந்து கால்வரை நீள நீளமாக வெள்ளை முடி. அந்தக் காட்டில் வேறு யாரிடமும் இப்படியொரு முயல் கிடையாது. விருந்தாளி வந்தால் கரடியம்மாள் தேன் கொடுப்பாளோ இல்லையோ, முயலைக் காட்டாமல் அனுப்பமாட்டாள்.

குகைக்குப் பக்கத்தில் மூங்கில் தட்டி அடைத்த பட்டியில் தும்பை இருந்தாள். கீழே காய்ந்த புல் பரப்பியிருக்கும். அந்தப் புல்லை மாற்றும் வேலை தடியன் என்ற காட்டுப்பன்றிக்கு. புல்லைப் பற்றித் தெரியும் என்பதற்காக அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கரடியம்மாளுக்கு வள்ளிக்கிழங்கு தோண்டிக் கொடுப்பவன் அவன்தான், அதனால் கிடைத்தது. வேலை கிடைத்த அன்று ஒரு கட்டுப் புல் போட்டான். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

புல் நனைந்தது, மக்கியது, நாறியது. தும்பை என்ன செய்வாள்? அதிலேயே படுத்தாள், அதிலேயே எழுந்தாள். காலும் வயிறும் மஞ்சளாகிவிட்டன.

ஒருநாள் கரடியம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது கோலம்? பௌர்ணமிக்கு மேற்குமலை ராணி வர்றாங்க. அதுக்குள்ள நீ வெளுக்கலேன்னா உன்னைக் காட்டுல விரட்டி விட்டுருவேன்!"

வெளியே நரிகள் உண்டு. இந்த முடியோடு முள்ளுக்குள் எங்கே ஓடுவது?

"அம்மா, அது வந்து... கீழ கிடக்கிற..."

"நீ வாயை மூடு. இதுக்குன்னு தெரிஞ்சவங்க இருக்காங்க."

தெரிந்தவர்கள் வந்தார்கள். கொக்கும் குரங்கும் முள்ளம்பன்றியும். பட்டிக்குள் கால் வைத்ததுமே கொக்கு சிறகால் மூக்கைப் பொத்திக்கொண்டது. மூவரும் கீழே புல்லைப் பார்த்தார்கள். பிறகு வாசலைப் பார்த்தார்கள். அங்கே தடியன் தன் கோரைப்பல்லைக் கல்லில் தீட்டிக்கொண்டு நின்றான். உடனே மூவரின் பார்வையும் முயல்மேல் போய் நின்றது.

"இது பிறவிக் கோளாறு. குளத்துல முக்கி எடுத்தா சரியாப் போகும்" என்றது கொக்கு.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றான் தடியன்.

முக்கினார்கள். நீள முடி தண்ணீரைக் குடித்துக் கனத்தது. தும்பை வெடவெடவென்று நடுங்கினாள். காயட்டும் என்று கொண்டுபோய் அதே புல்லில் வைத்தார்கள்! சாயங்காலத்துக்குள் கறை முதுகுவரை ஏறிவிட்டது. முடி முழுக்கச் சிக்கு.

சிக்கெடுக்கக் குரங்கு உட்கார்ந்தது. அது இழுத்த இழுப்பில் தும்பைக்குக் கண்ணில் நீர் வந்தது.

"அண்ணே, இந்தப் புல்லை மட்டும் மாத்தச் சொல்லுங்களேன்."

குரங்கு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தியது. "தெரியும் தாயி. எனக்கும் மூக்கு இருக்கு. ஆனா தடியன் பல்லைப் பார்த்தியா? உனக்கு முடி போனா வளரும். எனக்கு வால் போனா வளருமா?"

சொல்லிவிட்டு, கறையின்மேல் வெள்ளைக் களிமண்ணைப் பூசியது. "கறையை எடுத்தா என்ன, மறைச்சா என்ன?" காய்ந்ததும் களிமண் உதிர்ந்தது. கறை அங்கேயே இருந்தது.

பௌர்ணமியும் வந்தது. கடைசியாக முள்ளம்பன்றி எழுந்து, "முடி இருந்தாத்தானே கறை?" என்றது. எல்லோரும் அசந்து போனார்கள். இவ்வளவு சுலபமான வழி நமக்குத் தோன்றவில்லையே!

முள்ளம்பன்றி தன் பல்லாலேயே அத்தனை முடியையும் கத்தரித்துத் தள்ளியது. தும்பை தோலுரித்த கிழங்கு மாதிரி நின்றாள். கூச்சமும் குளிரும் சேர்ந்து அவளை ஒடுக்கிவிட்டன.

"என்ன இது, பெருச்சாளி மாதிரி இருக்கு?" என்றாள் கரடியம்மாள்.

"ஆனா கறை இல்லையேம்மா!" என்றது முள்ளம்பன்றி.

"அது சரி" என்று கரடியம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

மேற்குமலை ராணி வந்தாள். அவள் ஒரு காட்டெருமை. உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் பால்வெள்ளை. முயலைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டுப் பட்டிக்குள் நுழைந்தாள். சொதக்கென்று கால் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் கால் மஞ்சள் கால் ஆகியிருந்தது.

எல்லோரும் அந்தக் காலையே பார்த்தார்கள். கொக்கு மட்டும் பழக்கதோஷத்தில், "ராணியம்மாவுக்கு இது பிறவிக் கோளாறு, குளத்துல முக்கி..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிக்கொண்டது.

ராணி கொக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து முயலிடம் கேட்டாள். "ஏன் கண்ணு, இது எதனால?"

அதுவரை தும்பையிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. அவள் தடியனைப் பார்த்தாள். தடியன் பல்லைக் காட்டினான். முடியும் போயிற்று, இனி எதற்குப் பயப்படுவது என்று அவளுக்குக் கோபமாகவே வந்தது.

"புல்லை மாத்தி ரொம்ப நாளாச்சு ராணியம்மா. அவ்வளவுதான்."

ராணி கரடியம்மாளிடம், "உங்க காலைத் தூக்குங்க" என்றாள். கரடியம்மாள் தூக்கினாள். நல்ல கறுப்புக் கால். கறை இருந்தது தெரியவில்லை, நாற்றம் மட்டும் தெரிந்தது. இத்தனை நாளும் அவளும் அதில்தான் நின்றிருக்கிறாள்! வெட்கத்தோடு தடியன் பக்கம் திரும்பிப் புல்லைக் காட்டினாள்.

அன்று தடியன் அந்தப் புல் முழுவதையும் தன் வாயாலேயே கவ்வி வெளியே போட்டான். அதன்பிறகு கரடியம்மாள் கிழங்கைத் தானே தோண்டித் தின்றாள், புல்லையும் தானே மாற்றினாள். பனிக்காலம் வருவதற்குள் தும்பைக்கு முடி வளர்ந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே வெள்ளைவெளேரென்று இருந்தது. எல்லாம் தன் குளத்து வைத்தியம் என்று கொக்கு இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறது.

கறை எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் துணியாதவர்கள், கறைபட்டவரையே கடைசிவரை தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.