பவளாயி வளையில் மிளகாய்ப் புகை

பூவரசங்காட்டில் பவளாயி என்றொரு முயல் தன் குட்டிகளோடு இருந்தாள். அவள் ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது. சடையன் என்ற நரி அவளைத் துரத்தித் துரத்தி, நாக்குத் தள்ளியதுதான் மிச்சம்!

அடைமழை ஓய்ந்த சமயம், பவளாயிக்கு இளைப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் 'கீச் கீச்' என்று சத்தம். ஆமை வைத்தியர் வந்து பார்த்தார். மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்து, "தினமும் விடாம எடுத்துக்கம்மா" என்றார்.

செய்தி நரிக்கு எட்டியது. சும்மா இருப்பானா? முதுகில் ஒரு மூட்டையோடு வளை வாசலில் வந்து நின்றான்.

"பவளாயி, பயப்படாதே! நான் இப்ப சைவம். உன் ஓட்டத்தைப் பார்த்து ஊர்க் கண்ணே பட்டுப்போச்சு தங்கச்சி! சாயங்காலம் உள்ளேயே மிளகாயைச் சுட்டுப் புகை போடு. வாசலை நல்லா அடைச்சிடு, காத்து கருப்பு வந்துடும். இந்தா, படுக்க இறகு மெத்தை!"

ஓட்டத்தைப் புகழ்ந்ததும் பவளாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள். இருமினாள், இருமினாள், அப்படி இருமினாள்!

மறுநாள் நரி வந்து சிரித்தான். "இருமுறியா? திருஷ்டி வெளியே போகுதுன்னு அர்த்தம்! இனி மருந்து எதுக்கு? தூக்கிப் போடு!"

அதையும் கேட்டாள் அந்தப் புத்திசாலி. கொஞ்ச நாளில் நாலடி நடக்கக்கூட முடியவில்லை. புல் கொண்டுவர ஆளில்லாமல் குட்டிகள் பசியில் அழுதன.

பக்கத்து வளையில் வடிவு என்ற கீரி இருந்தாள். அவள் வாய் சும்மாவே இருக்காது. அங்கேயும் புகை போகவும், கத்திக்கொண்டே வந்தாள்.

"அடியே பவளாயி! ஹச்! என்னடி பண்றே? ஹச்!"

"திருஷ்டி கழிக்கிறேன்க்கா..."

"திருஷ்டி இருந்தா மிளகாயைச் சுட்டாலும் நெடி வராதும்பாங்க. நீ இருமுறே, குட்டிங்க இருமுது, நான் தும்மியே சாகுறேன்! அப்ப எங்கேடி இருக்கு திருஷ்டி?"

பவளாயி திருதிருவென்று விழித்தாள். "சடையண்ணன் சொன்னாரு..."

"முயலுக்கு நரி வைத்தியமா? ரொம்ப நல்லாயிருக்குடி!"

வடிவு அவளைத் தரதரவென்று வெளியே இழுத்துவந்து மரத்தடியில் உட்கார வைத்தாள். காற்று பட்டதும் மூச்சு கொஞ்சம் சீரானது.

"பார்த்தியா? வியாதி உன்னோடதுதான். ஆனா அதைக் கிளப்பிவிடுறது உன் வீடுடி! நீ இங்கேயே இரு, தூசி பக்கம் வராதே!"

வடிவும் அவள் கூப்பிட்ட மரத்து அணில்களும் வளைக்குள் புகுந்தார்கள். மெத்தையை உதறினால், அப்பப்பா, என்ன தூசி! அதைத் தூக்கி ஓடையில் எறிந்தார்கள். மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த வைக்கோலை வாரிக் கொட்டினார்கள். காற்று வர, பின்பக்கம் இன்னொரு வாசல் தோண்டினார்கள். ஆமை வைத்தியரிடம் நன்றாகத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, பவளாயி மறுபடி மருந்தைத் தொடங்கினாள். இளைப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

ஒருநாள் அவள் புல் மேயக் கிளம்பினாள். புதர் மறைவில் நரி காத்திருந்தான். 'இவளுக்கு நடக்கவே தெம்பிருக்காது. இன்னிக்கு விருந்துதான்!' என்று எச்சில் ஊற ஒரே பாய்ச்சல் பாய்ந்தான்.

பவளாயி எடுத்தாள் பாருங்கள் ஓட்டம்! மேடு, பள்ளம், முள்காடு எல்லாம் தாண்டிப் போய்விட்டாள். நரி முள்ளில் சிக்கி "ஐயோ, அம்மா!" என்று ஊளையிட்டான்.

பவளாயி வாய் நிறையப் புல்லோடு வீடு திரும்பினாள். குட்டிகள் மேலே விழுந்து பிடுங்கித் தின்றன.

இளைப்பு உள்ளவர் வீட்டில் புகையும் தூசியும் குடியிருந்தால் வேறு பகைவனே வேண்டாம். மருந்தை விடாதே, நல்ல காற்றை அடைக்காதே!