மந்தி வாங்கிய முனைவர் பட்டம்

ஆம்பல் குளத்தின் கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் கருமுகி என்ற மந்தி குடியிருந்தாள். மரத்தடிப் புல்வெளியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்தது.

மந்திக்கும் மான்களுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. உயரத்தில் இருப்பவளுக்குத் தூரம் தெரியும். தரையில் இருப்பவர்களுக்கு வாசனை தெரியும். புலியோ சிறுத்தையோ கண்ணில் பட்டால் கருமுகி "கக்! கக்!" என்று கத்துவாள். மான்கள் பறந்துவிடும். கருமுகி தண்ணீர் குடிக்க இறங்கினால் மான்கள் அவளைச் சுற்றி நின்று மோப்பம் பிடிக்கும். வாசனை வந்தால் காலைத் தரையில் உதைக்கும். கருமுகி ஒரே தாவலில் மரமேறிவிடுவாள்.

ஒன்பது கோடை இப்படியே போயிற்று. அந்த ஒன்பது கோடையில் ஒரு மான்குட்டிகூடச் சாகவில்லை. வேறு எந்தக் காட்டில் இப்படி உண்டு? ஆனால் இது பெரிய விஷயம் என்று கருமுகிக்கு மட்டும் தெரியவில்லை. தன்னிடம் இருப்பதை மதிக்காமல் அடுத்தவனிடம் இருப்பதையே பார்க்கிற புத்தி அவளுக்கு.

அடுத்தவன் என்றால் நெடுவாலன். தெற்குச் சரிவில் காவல் இருக்கிற ஆண் குரங்கு. அத்திப்பழம் பழுத்த நாளில் எல்லாரும் மரத்தில் கூடியிருந்தார்கள். அவன் கிளையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"நான் முனைவர் நெடுவாலன். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"நான் மருதமரத்துல காவல் பாக்கறேன்," என்றாள் கருமுகி.

"கண்ணு இருந்தா யார் வேணும்னாலும் பாக்கலாமே! படிப்பு என்னன்னு கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனுடைய தெற்குச் சரிவில் மான்கள் பாதியாகக் குறைந்திருந்தன. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டம் வாங்கியவனிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

இதற்கிடையில் காட்டுத் தலைவர் யானை பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தது. அங்கே ஆளுக்கொரு பட்டம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டது. வந்த வேகத்தில் பிளிறியது.

"இனிமேல் காவல் வேலைக்குப் பட்டம் வேண்டும்! பௌர்ணமிக்குள் பட்டம் காட்டாதவர்கள் மரத்தைக் காலி செய்ய வேண்டும்!"

"பட்டத்தை யார் தருவாங்க தலைவரே?" என்று ஒரு முயல் கேட்டது.

"அது அவரவர் பாடு!" என்று சொல்லிவிட்டு யானை நடையைக் கட்டியது. சட்டம் போடுவதோடு தன் வேலை முடிந்தது என்பது அதன் நினைப்பு.

கருமுகிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய சிநேகிதி பொட்டழகி என்ற மான் மரத்தடியில் வந்து நின்றாள். பொட்டழகி மூன்று கோடை குட்டியில்லாமல் தவித்தவள். நான்கு நாளுக்கு முன்புதான் ஒரு பெண்குட்டி பிறந்திருந்தது. குட்டிக்கு இன்னும் ஓடத் தெரியாது. அதனால் அந்த வருஷம் பிறந்த மற்ற இரண்டு குட்டிகளோடு புல்லுக்குள் மறைத்துப் படுக்க வைத்திருந்தாள். பெற்ற மான்களைத் தவிர அந்த இடம் கருமுகி ஒருத்திக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள்.

"எதுக்கு அக்கா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே? நாங்க எல்லாரும் வந்து யானைகிட்ட சொல்றோம். ஒன்பது கோடையா ஒரு குட்டி சாகலைன்னு சொல்றோம். அதைவிடவா பட்டம்னு கீறின ஒரு இலை பெரிசு?"

"உனக்கென்ன, சொல்லிட்டே! நாலு பேர் நடுவுல படிக்காதவள்னு பேர் வாங்கிப் பாரு, அப்பத் தெரியும்!"

மறுநாள் காலையில் ஒரு மைனா பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது.

"வணக்கம் மேடம்! மலையப்பால் மகா வித்யாலயத்துலேருந்து வர்றேன். முனைவர் நெடுவாலன் உங்க பேரைக் கொடுத்தார்."

கருமுகியை மேடம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது எங்கே இருக்கு?"

"மலைக்கு அந்தப் பக்கம். ஆனா நீங்க வரவே வேண்டாம்! உக்காந்த கிளையிலேருந்தே பட்டம் வாங்கலாம்!"

"எத்தனை மழைக்காலம் படிக்கணும்?"

"உங்களுக்கு எதுக்கு மேடம் படிப்பு? உங்க அனுபவத்துக்குத்தான் பட்டம். சின்னதா ஒரு தேர்வு. கேள்வியை நான் கொண்டுவருவேன். பதிலை நான் கொண்டுபோவேன். அவ்வளவுதான்!"

"அங்கீகாரம் உண்டா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! ஏழு காடுகள்ல அங்கீகாரம்!"

எந்த ஏழு காடு என்று அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

"கட்டணம்?"

"உங்க தகுதிக்குக் கட்டணமே கிடையாது. முழுக்க இலவசம்! ஆனா ஒரே ஒரு இடம்தான் பாக்கி. இன்னிக்குச் சூரியன் சாயறதுக்குள்ள சேரணும்."

காரணமில்லாமல் ஒருவன் இலவசமாகக் கொடுப்பானா? இவ்வளவு பெரிய வித்யாலயத்தில் ஓர் இடம் மட்டும் இவளுக்காகக் காத்திருக்குமா? கருமுகி யோசிக்கவில்லை. சேர்ந்துவிட்டாள்.

பொட்டழகி கேட்டாள். "அந்த வித்யாலயத்தை யாராவது கண்ணால பாத்திருக்காங்களா அக்கா?"

"நெடுவாலன் அங்கேதான் பட்டம் வாங்கினான்!"

"அவன் பாத்தானா?"

"நாலு கால்ல நின்னு புல்லு மேயறவங்களுக்கு இதெல்லாம் புரியாது. போடி!"

பொட்டழகி குட்டிக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.

முதல் நாள் தேர்வு சுலபமாக இருந்தது. புலி வந்தால் எப்படிக் கத்துவீர்கள்? சிறுத்தை வந்தால் எப்படி? கருமுகி கத்திக் காட்டினாள். "அடடா! வித்யாலயத்துல இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை மேடம்!" என்றது மைனா.

இரண்டாம் நாள் வேறு மாதிரிக் கேள்வி வந்தது.

"உங்க மரத்துலேருந்து பாத்தா கண்ணுக்குத் தெரியாத இடம் எது?"

கருமுகி தயங்கினாள். "இதை எதுக்குக் கேக்கறாங்க?"

"நேர்மையைச் சோதிக்கத்தான்! எல்லாம் தெரியும்னு பீத்திக்கறவங்களுக்கு எங்க வித்யாலயம் பட்டம் தராது."

நேர்மையானவள் என்று காட்ட வேண்டுமே! "மேற்கே அடர்த்தியா உண்ணிச்செடிப் புதர் இருக்கு. அதுக்குப் பின்னாடி எதுவும் தெரியாது," என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் கடைசிக் கேள்வி.

"இந்த வருஷத்துக் குட்டிகளை எங்கே படுக்க வெச்சிருக்காங்க?"

"அதை மட்டும் கேக்காதே. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"வெளியாளுக்குத்தான் மேடம் சொல்லக் கூடாது. பேராசிரியர்கள் வெளியாளா? சரி, உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லிடறேன். காக்கிற குட்டி எங்கே இருக்குன்னே தெரியாத காவல்காரிக்குப் பட்டம் கிடைக்கறது கஷ்டம்தான்!" மைனா சிறகை விரித்தது.

"இரு! எனக்கா தெரியாது? குளத்துக்கு மேற்கே கோரைப்புல். அங்கே பாதி மூடின கரையான் புத்து ஒண்ணு இருக்கு. அதை ஒட்டித்தான் மூணு குட்டியும் படுத்திருக்கு. பொட்டழகி குட்டி புத்துக்கு இடது பக்கம்."

மைனா பறந்துவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் வித்யாலயமும் இல்லை, பேராசிரியர்களும் இல்லை. பாறையடியில் ஒரு பொந்து இருந்தது. பொந்து வாசலில் நரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சிறுத்தை காலை நக்கிக்கொண்டிருந்தது.

மைனா ஒப்பித்ததை நரி கேட்டுக்கொண்டது. "தலைவரே! விடைத்தாள் வந்தாச்சு!"

"எத்தனை மார்க்?" என்றது சிறுத்தை.

"நூத்துக்கு நூறு! நெடுவாலன் அரைகுறை. அவன் சொன்னதுல பாதி தப்பு. இவ நிஜமாவே கெட்டிக்காரி!"

அந்த வித்யாலயம் போட்ட மதிப்பெண்களில் உண்மையானது இது ஒன்றுதான்.

நரி ஒரு தேக்கிலையை எடுத்து நகத்தால் கீறியது. பாதத்தை நாவல்பழச் சாற்றில் தோய்த்து முத்திரை குத்தியது. மைனாவிடம் கொடுத்து, செய்ய வேண்டியதையும் சொல்லி அனுப்பியது. மைனாவுக்குக் கூலி ஒரு குலை நாவல்பழம். எதற்கு என்று அதுவும் கேட்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் மருதமரத்தடியில் பட்டமளிப்பு விழா. மான்கள் எல்லாம் வந்தே ஆக வேண்டும் என்று மைனா கூவி அழைத்தது. பொட்டழகிக்கு மனசில்லை. ஆனாலும் சிநேகிதி பெருமைப்படுகிற நாள். வராமல் இருக்க முடியுமா? குட்டியை நக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கருமுகி தாழ்ந்த கிளையில் நின்றாள்.

"மேடம் கிழக்கே மலையைப் பாத்து நிக்கணும்! கண்ணை மூடிக்கணும்! நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும்!"

கருமுகி உண்ணிப்புதருக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னை நம்பியவர்களை..."

"என்னை நம்பியவர்களை..."

"என் உயிரைக் கொடுத்தும் காப்பேன்!"

"என் உயிரைக் கொடுத்தும் காப்பேன்!"

"நூத்துக்கு நூறு!" என்று கூவி மைனா இலையை அவள் கையில் கொடுத்தது. மான்கள் தலையாட்டின. அவள் பெருமையோடு இலையைக் கீழே நீட்டிக் காட்டினாள். பொட்டழகி மூக்கை நீட்டினாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அக்கா! இதுல நரி வாசனை அடிக்குது!"

"வாயைக் கழுவு! அது பேராசிரியரோட முத்திரை!"

"நரி அக்கா! நரியோட பாதம் அக்கா!"

"நான் படிச்சவளாயிட்டேன்னு உனக்கு வயித்தெரிச்சல்!"

பொட்டழகி பதில் சொல்ல நிற்கவில்லை. கோரைப்புல்லை நோக்கி ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது புல் மடிந்து கிடந்தது. புற்றின்மேல் ரத்தம் தெறித்திருந்தது. மூன்று குட்டிகளும் இல்லை. உண்ணிப்புதர் வழியாக இழுத்துப்போன தடம் மட்டும் இருந்தது.

மைனா எப்போதோ பறந்துவிட்டிருந்தது.

பொட்டழகி மெதுவாகத் திரும்பி வந்தாள். மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள்.

"என் குட்டி படுத்திருந்த இடம் பெத்தவங்களுக்கும் உனக்கும்தானே அக்கா தெரியும்?"

"தேர்வுல கேட்டாங்க..."

"சொன்னியா?"

"நூத்துக்கு நூறு..." என்று ஆரம்பித்த கருமுகி கையிலிருந்த இலையைக் குனிந்து பார்த்தாள்.

பௌர்ணமியன்று யானை பட்டங்களைச் சரிபார்க்க வந்தது. கருமுகி இலையை அதன் காலடியில் போட்டு அழுதாள்.

"தலைவரே, இது பொய்ப் பட்டம்! நரி கொடுத்தது! இதனாலதான் மூணு குட்டி செத்துது! எனக்கு வேலை வேண்டாம். அந்த நரியைப் பிடிங்க!"

யானை இலையைத் தும்பிக்கையால் எடுத்துப் பார்த்தது.

"பெயர் இருக்கிறது. முத்திரை இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது."

"அது நரியோட பாதம் தலைவரே!"

"முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. யார் பாதம் என்று பார்ப்பது என் வேலை இல்லை. மருதமரத்துக் காவல் உனக்கே! அடுத்தது யார்?"

அன்று மாலையே மான்கள் புறப்பட்டன. பொட்டழகி கடைசியாகப் போனாள். அவள் மடியில் பால் கட்டி வீங்கியிருந்தது. நடக்கவே சிரமப்பட்டாள். கருமுகி கிளையின் நுனிவரை இறங்கி வந்தாள்.

"பொட்டழகி! ஒரு வார்த்தை பேசிட்டுப் போடி!"

பொட்டழகி நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"வர்றோம், முனைவர் அம்மா."

கருமுகி பல நாள் கேட்க ஆசைப்பட்ட மரியாதை அது. செருப்பால் அடித்தது போல இருந்தது.

மான்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன. புல்வெளி காலியாகக் கிடந்தது. கருமுகிக்குத் தாகம் எடுத்தது. குளம் கண்ணெதிரே இருந்தது. ஆனால் சுற்றி நின்று மோப்பம் பிடிக்க ஒரு மூக்கு இல்லை. இலைகளில் தங்கிய பனியை நக்கி இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பாதி மரம்வரை இறங்கினாள்.

அப்போது சிறுத்தை நிதானமாக நடந்து வந்தது. இப்போது அதற்கு ஒளிய வேண்டிய தேவையும் இல்லை. பழக்கதோஷத்தில் கருமுகி தொண்டை கிழியக் கத்தினாள்.

"கக்! கக்! கக்!"

எங்கும் ஒரு குளம்பு அசையவில்லை.

சிறுத்தை தலையைத் தூக்கிப் பார்த்தது. "யாருக்காகக் கத்தறே?" என்று கேட்டது.

கருமுகி சிறுத்தை ஏற முடியாத மெல்லிய உச்சிக் கிளைக்குத் தாவினாள்.

சிறுத்தை குளத்தங்கரையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. நீ மெதுவா இறங்கி வா," என்றது.

ஆகவே, இருக்கிறதா இல்லையா என்றுகூட விசாரிக்காமல் ஓர் இடத்தில் பட்டம் வாங்குகிறவர்கள், தங்களை மட்டும் ஏமாற்றிக்கொள்வதில்லை. தங்களை நம்பியவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள்.