காத்தாயி வேலைக்குச் சேர்ந்த நாள்

கொன்றையூர் ராஜா குமாரபூபதிக்கு ஒரு நல்ல பழக்கம். சமையல்காரனோ தளபதியோ, யார் வேலைக்குச் சேர்ந்த நாள் வந்தாலும் சபையில் கொண்டாடிவிடுவார். மாலை உண்டு, விருந்து உண்டு. கூடவே மந்திரி விடங்கரின் பிரசங்கமும் உண்டு, அதுதான் கொடுமை. இந்த வேலை கிடைக்க நீ எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவர் பேசி முடிப்பதற்குள் மாலை வாடிவிடும்.

அன்று காத்தாயியின் முறை. அரண்மனையில் குரங்கு விரட்டுகிறவள். மந்திரி வழக்கமான பிரசங்கத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மகாராஜா, இங்கே கடைசியாகக் குரங்கைப் பார்த்தது எப்போது?"

"நினைவில்லையே."

"இல்லாத குரங்கை விரட்ட ஓர் ஆள் எதற்கு? இன்றோடு அனுப்பிவிடலாம்."

கழுத்து மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள் காத்தாயி. சபையில் ஆலோசனை சொல்லும் அலர்மேலுக்கு ரத்தம் கொதித்தது. வாதம் என்றால் சோற்றை மறக்கிற பெண் அவள். இவள் விரட்டுவதால்தானே குரங்கே வரவில்லை? சொன்னால் இந்த மனுஷர் மண்டையில் ஏறுமா? ஏறாது. எழுந்து கும்பிட்டாள்.

"மந்திரியார் சொன்னால் சரிதான். ஆனாலும் விழா நாளில் துரத்தினால் நன்றாகவா இருக்கும், மகாராஜா? இன்று காத்தாயிக்கு ஓய்வு கொடுங்கள். அவளும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். நாளை முடிவு செய்யலாம்."

"அதுவும் நியாயம்தான்" என்றார் ராஜா.

சபையிலேயே இலை போட்டார்கள். கவணை மடியில் வைத்துக்கொண்டு காத்தாயி கூச்சத்தோடு உட்கார்ந்தாள். பாயசம் வருவதற்குள் மதிலோர மாமரத்திலிருந்து முதல் குரங்கு வந்தது. பின்னால் அதன் குடும்பம். அப்புறம் சம்பந்தி வீட்டார். தளபதியின் வாழைப்பழம் போயிற்று. மந்திரியின் தலைப்பாகை தூண் உச்சிக்குப் போயிற்று. சாப்பிடுவதற்காக ராஜா கழற்றி வைத்த கிரீடத்தை ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு மாட்டிக்கொண்டு, சிம்மாசனத்தில் ஏறிக் காதைச் சொறிந்தது. காவலாளி ஒருவன் பழக்க தோஷத்தில் அதைக் கும்பிட்டுவிட்டான்.

"காத்தாயி, எழுந்திரு தாயே" என்றார் ராஜா, தூணுக்குப் பின்னாலிருந்து, சோற்றுக் கையோடு.

"இன்னைக்கு எனக்கு ஓய்வுன்னாங்களே, மகாராசா. நாளைக்கு வேலையே இல்லியாமே."

"யார் சொன்னது? ஆயுசுக்கும் உனக்குத்தான் வேலை."

கவண் ஒரு சுற்றுச் சுற்றியதுதான் தாமதம், கிரீடத்தை எறிந்துவிட்டுக் கடுவன் ஓட, மற்றதெல்லாம் பின்னாலேயே ஓடிற்று.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் பட்டுச் சால்வையையே எடுத்துக் காத்தாயிக்குப் போர்த்தினார். "இனிமேல் யார் வேலைக்குச் சேர்ந்த நாள் வந்தாலும் பிரசங்கம் கிடையாது. ஓய்வுதான். அவர்கள் இல்லாமல் நாம் படுகிற பாட்டில் அவர்கள் அருமை தெரியட்டும்."

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "அப்படியானால் நாளையிலிருந்து பத்து நாள் நானும் வரப்போவதில்லை. என் அருமையும் தெரியட்டும்."

அலர்மேல் பணிவாகச் சொன்னாள். "எதற்கு ஐயா வீண் சிரமம்? போன மாதம்தானே பத்து நாள் மாமனார் ஊருக்குப் போய்விட்டு வந்தீர்கள்."

ராஜா ஆச்சரியத்தோடு திரும்பினார். "அப்படியா விடங்கரே? எப்போது போனீர்?"