நகத்தளவு பழுப்பு

கடலடி மண்ணில், மணலுக்கும் மணலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பிராணிகள் வாழ்கின்றன. அவற்றைத் தேடுவதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. தலைமை வேதவல்லி மேடம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவள் ஜெசிந்தா. அவள் கணவர் சவரிமுத்து சங்கு குளிக்கிறவர். மனைவிக்காகக் கண்ணாடிக் குழாயோடு மூழ்கி, அதை மண்ணில் அழுத்தி எடுத்து, இரண்டு பக்கமும் தக்கையால் அடைத்துக் கொண்டுவருவார். கடைசியாக ஒரு குழாய் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கடலுக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. அந்தக் குழாயை மட்டும் அவள் தொடவிடவில்லை. "ஃபார்மலின் ஊத்தி எண்ணி முடிச்சிடு" என்றோம். ஊற்றினால் உள்ளே உள்ள பிராணிகளெல்லாம் செத்து, கெடாமல் இருக்கும். அவளோ ஊற்றவும் இல்லை, திறக்கவும் இல்லை. எங்களுக்கும் வற்புறுத்த மனசு வரவில்லை.

ஒரு காலையில் மேடத்திடம் கேட்டேவிட்டாள்.

"மேடம், இது அவங்க கையால அடைச்ச தக்கை. திறந்துட்டா அதுவும் போயிரும். இப்படியே வச்சிக்கிட்டா தப்பா?"

மேடம் எழுந்து வந்தார். குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினார்.

"என்ன தெரியுது?"

"கீழே கறுப்பு மண்ணு. மேலே பழுப்பு."

"வந்த அன்னைக்கு?"

"பழுப்பு நிறைய இருந்துச்சு. கறுப்பு மேல ஏறிட்டு வருது."

"ஏன்?"

"அடைச்சே கிடக்குல்ல மேடம். மூச்சுக்காத்து தீருது. தீர்ந்த இடமெல்லாம் கறுத்துரும்."

"பழுப்பு இப்ப எவ்வளவு?"

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். "நகத்தளவு."

"உள்ளே இருந்ததெல்லாம் எங்கே?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்த நகத்தளவுலதான். எல்லாம் மேல ஏறி வந்திருக்கும்."

மேடம் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். திற என்று சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து ஜெசிந்தாவே தக்கையைத் திருகினாள். அது விடவில்லை. சவரிமுத்து இறுக்கமாக அடைப்பவர். ஒருவழியாகக் கழன்றதும், தக்கையைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அழுது முடித்து, மேல்மண்ணில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள்.

"உயிரோடதான் இருக்கு மேடம். புழு நெளியுது. ஒண்ணு முட்டைப்பையைச் சுமந்துக்கிட்டுப் போகுது." பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பக்கத்துல குஞ்சு. பொரிஞ்சு ரொம்ப நாள் ஆகலை."

"எத்தனை நாள் குஞ்சு?"

"நாலஞ்சு நாள் இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்தாள். அவர் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

கையில் தக்கை இன்னும் இருந்தது. குழாயின் வாயருகே அதைக் கொண்டுபோனாள். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்:

"திரும்ப அடைச்சிரட்டுமா மேடம்?"

"அடை" என்றார் வேதவல்லி. "யாரை உள்ளே வச்சு அடைக்கிறேன்னு மட்டும் சொல்லிட்டு அடை."