மாடத்தி சொன்ன ஒரு பொய்

ஏ, வரப்புல உக்காருங்கடி. செல்லக்கனி, வாய மூடு, வெத்தலைய அப்புறம் மெல்லலாம். வெள்ளத்தாயப் பாரு, காலையிலருந்து ஒரு வார்த்த பேசல. அவளாட்டம் இருங்க.

அந்தக் காலத்துல கோழி பேசும், ஆட்டுக்கல்லு பேசும், பொம்பளைக்குள்ள இருக்கற கர்ப்பப்பையும் பேசும். கோழியாட்டம் கொக்கொக்குன்னு இல்ல. பாதித் தூக்கத்துல எழுப்புன மாமியாராட்டம், "ம்ம்... என்னா?"ன்னு.

அதுக்கு ஒரே வேலதான். புள்ள வரும்னு மாசாமாசம் மெத்த விரிக்கும். வரலியா, கலச்சு வெளிய தள்ளிரும். அதான் நமக்கு வர்ற தூரம். விரிக்கறதுக்கு முன்னால மட்டும் ஒண்ணு கேக்கும்: "தாயி, சாப்பிட்டியா?"

மாடத்தின்னு ஒருத்தி. மழ இல்லாத வருசம். இருந்த கம்மங்கூழ புருசனுக்கு ஊத்துவா, மாமியாருக்கு ஊத்துவா, கொழுந்தனுக்கு வழிச்சு ஊத்துவா. பானையக் கழுவுன தண்ணி இவளுக்கு.

"நீ குடிச்சியா?"ம்பான் புருசன், கையக் கழுவிக்கிட்டே.

"ஆச்சு"ம்பா.

கர்ப்பப்பை கேட்டப்பவும் அதே வாயி, "சாப்பிட்டேன்"னுருச்சு.

அது நம்பி விரிச்சுது. புள்ள தங்குச்சு, பொறந்துச்சு. கையளவு. மாருல பால் இல்ல. மூணாம் நாளு அழறத நிறுத்திருச்சு.

ஒடமரத்தடியில பொதச்சுட்டு வந்து உக்காந்தா மாடத்தி. உள்ளருந்து அது கேட்டுது: "சாப்பிட்டேன்னியே, தாயி?"

"பழக்கத்துல சொல்லிட்டேன்."

"அத நம்பித்தான புள்ளையக் கூப்பிட்டேன்."

அதுக்கப்புறம் அது யார்கிட்டயும் பேசல.

அன்னையிலருந்துதான் அது நம்ம வாய நம்பறதில்ல. கேக்காம, உள்ளயே தடவிப் பாக்கும். பட்டினியா, தாங்காத பாடா, ஆறாத துக்கமா, எது தட்டுப்பட்டாலும் மெத்தையச் சுருட்டி வச்சுட்டு உக்காந்துரும். மாசம் தள்ளிப் போகும். சிலருக்கு நின்னே போயிரும்.

என்னடி, எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டீங்க? பொய் சொன்னவ அவதான.

வெள்ளத்தாய் தலைய நிமித்துனா.

"அவ பொய் கெடக்கட்டும்க்கா. எதுக்க உக்காந்து குடிச்ச மூணு பேருக்கும் அந்தப் பானைக்குள்ள எட்டிப் பாக்கக் கண்ணு இல்லியா?"